டெம்ப் என்றால் கோயில்

வெண்ணந்தூரில் அந்தத் தெருவில் யாருடைய செல்போன் செத்தாலும் முதலில் அறிவுச்செல்விக்குத்தான் சேதி போகும். சொந்தபந்தத்துக்கெல்லாம் அப்புறம்தான். அவள் வந்து பின்பக்க மூடியைக் கழற்றி, பாட்டரியை முந்தானையில் துடைத்துத் திரும்பப் போட்டு, "இதுக்குப் போயி அழுதீங்களாக்கும்" என்பாள். பெரும்பாலும் உயிர் வந்துவிடும். வராவிட்டால், "இது பொறந்ததே தப்பு" என்று கம்பெனி மேல் பழியைப் போட்டுவிட்டுக் காபி கேட்பாள். தப்பு என்பது ஒருநாளும் அவள் கையில் நின்றதில்லை.

இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், சீர்வரிசையில் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மற்ற பெண்கள் பீரோவும் கட்டிலும் கொண்டு புகுந்த வீட்டுக்கு வந்தார்கள். இவள் கூடவே ஒரு கம்ப்யூட்டரையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். பிளஸ் டூவில் கணக்கு காலை வாரிவிட்டதால், ராசிபுரத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் கம்ப்யூட்டர் படித்தவள் அவள். கல்யாணம் பேசியபோது, நகையைக் குறைத்துக்கொள்ளுங்கள், பெட்டியை வாங்கிக் கொடுங்கள் என்று அப்பாவிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். மாமியார் முத்தாயம்மாள் ஆரத்தித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே வேனுக்குள் எட்டிப் பார்த்து, டிவி என்ன இவ்வளவு கனமாக இருக்கிறது என்று கேட்டார்.

அது டிவி இல்லை என்று முத்தாயம்மாளுக்குப் புரிய ஒரு வருசம் ஆயிற்று. வீட்டுக்குப் பின்னால் தறிக்கூடம். அதில் நாலு விசைத்தறி. அறிவுச்செல்வி முன்னறையில் உட்கார்ந்து, சேலை பார்டரில் எந்த இழை மேலே வர வேண்டும், எது கீழே போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைவாள். அந்தப் படத்தைப் பார்த்து ராசிபுரத்தில் ஒருவர் அட்டையில் ஓட்டை போடுவார். அட்டைகளைக் கோத்துத் தறிக்கு மேலே மாட்டிவிட்டால், தறி அந்த ஓட்டைகளின் பேச்சைக் கேட்டுப் பூப் போடும். சுருக்கமாகச் சொன்னால், அவள் சொல்வாள், தறி கேட்கும். அவள் புருசன் தங்கமுத்துவும் ஏறக்குறைய அந்த வகைதான்.

கம்ப்யூட்டருக்கு இப்போது நல்ல வயசாகிவிட்டது. வீட்டில் அதற்குப் பெயர் பெருசு. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு, பால் காய்ச்சி, காபி கலந்து, குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தால், அப்போதுதான் பெருசு கண்ணைத் திறக்கும். ஒரு படத்தைத் திற என்றால் யோசிக்கும். மூடு என்றால் அதற்கும் யோசிக்கும். முத்தாயம்மாளுக்கு இது அல்வா மாதிரி. ஊடை நூல் சுற்றுகிற தார் மிஷின் ஒன்று வாங்க வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை. அதை வைக்கத் தோதான இடம் பெருசு உட்கார்ந்திருக்கிற மூலை. வருகிற போகிற போதெல்லாம் அந்த மூலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அறிவுச்செல்வி அதைக் காற்று வீசுவதாக எடுத்துக்கொள்வாள்.

ஆனால் போன வாரம் தங்கமுத்து டேப்பை எடுத்து வந்து அந்த மூலையை அளந்துவிட்டுப் போனான். பெருமூச்சுக்குப் பயப்படாதவள் டேப்புக்குப் பயந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் செவ்வாய்ப்பேட்டை ஜவுளிக் கடையிலிருந்து வீரபாகு கூப்பிட்டார். ஒரு கல்யாண வீட்டில் வரிசைச் சேலைகளெல்லாம் பழைய மாதிரி டெம்பிள் பார்டரில் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்களாம். கோபுரம் கோபுரமாக, பல் வரிசை மாதிரி, இவள் முன்பு வரைந்து கொடுத்த அதே பார்டர். இருக்கிறதா என்று கேட்டார். இல்லாமல் எங்கே போகும் என்றாள். பழைய அட்டையை எலி தின்றுவிட்டது, ஆனால் படம் பெருசின் வயிற்றில் பத்திரமாக இருக்கிறது. அமாவாசைக்கு அட்டை அடிக்கிறவர் கடை திறக்க மாட்டார், அதற்கு முந்தின நாள் சாயங்காலத்துக்குள் படம் அவர் கைக்குப் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் இளம்பிள்ளை ஊரில் வேறு தறிக்காரரைப் பார்த்துக்கொள்வேன் என்றார் வீரபாகு.

முத்தாயம்மாள் அங்கேயே பஞ்சாயத்தை முடித்தார். "இந்த ஆர்டரு அந்தப் பொட்டியில இருந்து வந்துச்சுன்னா பொட்டி இருந்துட்டுப் போவுது. இல்லீனா மிஷினு. என்றா சொல்ற?" என்று மகனைக் கேட்டார். தங்கமுத்து தலையை ஆட்டினான். எந்தப் பக்கம் ஆட்டினான் என்பது அவனுக்கே தெரியாது. ஆனால் பேச்சு முடிந்துவிட்டது.

அமாவாசைக்கு இன்னும் ரெண்டு நாள். பெருசைக் குளிப்பாட்டி நிறுத்திவிட்டால் போதும், அப்புறம் அது துள்ளும் என்று அறிவுச்செல்வி முடிவு செய்தாள். ஹார்ட் டிஸ்க் என்கிற அதன் வட்டில் இடமே இல்லை, சிவப்புக் கோடு கடைசி வரைக்கும் ஓடியிருந்தது. பழைய பாட்டுகளை அழித்தாள். மகள் வெண்ணிலா பள்ளிக்கூடத்துக்குச் செய்த மழைநீர்த் திட்டத்தை, மனசு கேட்காமல் ஒரு நிமிசம் பார்த்துவிட்டு, பென் டிரைவில் போட்டுக்கொண்டு அழித்தாள். குப்பைத் தொட்டியைக் காலி செய்தாள். அடுத்தது டெம்ப்.

டெம்ப் விசயத்தில் அவள் தெருவுக்கே வாத்தியார். கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது அவசரத்துக்கு எழுதிவைக்கிற கோப்புகளுக்கு டெம்ப் என்று பெயர். வேலை முடிந்ததும் அதற்கு மரியாதை கிடையாது. "டெம்புன்னு எது இருந்தாலுங் கண்ண மூடிட்டு அழிங்க. அது கம்ப்யூட்டரு தின்னுட்டுப் போட்ட எலை" என்று எல்லாரிடமும் சொல்வாள். அன்றைக்கும் டெம்ப் என்று தேடச் சொன்னாள். பெருசு முக்கி முனகி ஒரு நீளமான பட்டியலைக் கொண்டு வந்தது. எல்லாவற்றையும் ஒரே பிடியாகப் பிடித்து, குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாதபடி ஷிப்டை அமுக்கிக்கொண்டு அழித்தாள். நிச்சயமாகவா என்று பெருசு கேட்டது. அறிவுச்செல்வியிடம் யாரும் கேட்கக் கூடாத கேள்வி அது. பட்டென்று தட்டினாள். எல்லாம் போயிற்று. எதிர்பார்த்ததைவிட நிறைய இடம் காலியானது. சந்தேகப்பட வேண்டிய இடத்தில் அவள் சந்தோசப்பட்டாள்.

கடைசியாக, வட்டில் அங்கே ஒரு துண்டும் இங்கே ஒரு துண்டுமாகக் கிடக்கிற கோப்புகளை ஒன்றாகச் சேர்த்து அடுக்குகிற வேலையை ஓடவிட்டாள். தறியில் கலைந்த பாவு நூலை இழை இழையாகச் சரிசெய்கிற மாதிரி, அது பாட்டுக்கு நகர்த்தும், அடுக்கும். அவள் தட்டில் தக்காளிச் சாதத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது வீரபாகு மறுபடியும் கூப்பிட்டார். கல்யாண வீட்டுக்காரர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறார்களாம்.

"அந்த டெம்பிள ஒரு போட்டோ எடுத்துச் சும்மா அனுப்பி உடும்மா."

சோற்றுக் கை பாதி வழியில் நின்றது.

அந்தத் தொழிலில் கோயில் பார்டர் என்று யாரும் சொல்வதில்லை. கடையிலிருந்து தறி வரைக்கும் எல்லார் வாயிலும் டெம்பிள்தான். கல்யாணமாகி வந்த புதுசில், முதல் டெம்பிள் பார்டரை வரைந்து முடித்து, அதற்கென்று பெருசுக்குள் போல்டர் என்கிற ஒரு தனி அறை திறந்து பெயர் எழுத உட்கார்ந்தாள். டி, ஈ, எம், பி வரைக்கும் கை ஓடியது. அதற்கப்புறம் எல் முதலில் வருமா, ஈ முதலில் வருமா என்று ஒரு குழப்பம். அதே நேரம் அடுப்படியில் மாமியார் கூப்பிட்டார். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று எழுந்து போனாள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை, அறையின் பெயர் டெம்ப் என்றே நின்றுவிட்டது. அன்றிலிருந்து வரைந்த டெம்பிள் எல்லாம் அதற்குள்தான் போயின. எதையும் ரெண்டு இடத்தில் வைக்க வேண்டும் என்று ஊருக்குப் புத்தி சொல்கிறவள், ஒரு காப்பியும் எடுத்து வைத்திருந்தாள். அதையும் அதே அறைக்குள்.

அறிவுச்செல்வி தட்டைக் கீழே வைக்கவில்லை. சோற்றுக் கையோடு பாய்ந்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். யார் செய்தாலும் அவள் கையில் திட்டு வாங்குகிற காரியம் அது. ஆனால் சரியான காரியமும் அதுதான். அழித்தால் கோப்பு உடனே போய்விடாது. வாசலில் மாட்டியிருந்த பெயர்ப்பலகை மட்டும்தான் போகும், ஆள் உள்ளேயே இருப்பான். அந்த இடத்துக்கு வேறொருவன் குடிவந்தால்தான் பழைய ஆள் போனான். அடுக்குகிற வேலை இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் அவள் கோபுரங்கள் மேல் யார் யாரோ குடியேறியிருப்பார்கள்.

தறிக்கூடத்திலிருந்து தண்ணீர் குடிக்க வந்த தங்கமுத்து, என்ன ஆயிற்று என்று கையை ஆட்டிக் கேட்டான். பெருசு தூங்குகிறது என்று சொல்லி அனுப்பினாள். பொய்யில்லை.

சாயங்காலம் பெட்டியைத் திறந்து வட்டை வெளியே எடுத்தாள். வெண்ணிலா கல்லூரி விடுதிக்குப் போகும்போது வீட்டிலேயே விட்டுப்போன அரசாங்க லேப்டாப் இருந்தது. வட்டை மேஜையில் வைத்து, ஒயரால் அதோடு இணைத்து, அழிந்ததைத் தோண்டி எடுக்கிற மென்பொருளை ஓடவிட்டாள். பச்சைக் கோடு கொஞ்ச தூரம் நகர்ந்து நின்றது. திரும்ப ஆரம்பித்தாள். திரும்ப நின்றது. வட்டின் மேல் விரலை வைத்தால் உள்ளே டிக், டிக் என்று எதுவோ முட்டியது. வட்டில் கெட்டுப்போன இடம் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டு படுத்தாள். ஆனால் பாயில் புரளும்போது ஒன்று உறுத்தியது. கெட்ட இடம் என்றால் ஒரே இடத்தில் அல்லவா நிற்க வேண்டும்? இது ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றதே.

காலையில் விடை கரண்ட்காரன் கொடுத்தான். திடீரென்று மின்சாரம் போயிற்று. விளக்கும் மின்விசிறியும் மேஜைப் பக்கத்துப் பிளக்கும் இன்வெர்ட்டரில் ஓடின, தறிகள் நின்றன. நின்றுகொண்டிருந்த பச்சைக் கோடு தானாக நடக்க ஆரம்பித்தது. அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். மின்சாரம் வந்தது. தறிகள் ஓடின. கோடு நின்றது. மேஜையில் இருந்த காபி டம்ளரைப் பார்த்தாள். காபி மேலே சின்னச் சின்ன வளையம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தத் தெருக்காரர்களுக்குத் தறி ஓடுவது சத்தமே இல்லை. நின்றால்தான் காதில் விழும். தரை நடுங்குவதும் அப்படித்தான். பெருசின் பெட்டிக்குள் வட்டை இறுக்கி, அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்ததே அவள்தான். அதை அவளே மறந்துவிட்டு, வயசான வட்டை வெறும் மேஜையில் மல்லாக்கப் போட்டு, குலுங்கக் குலுங்கப் படி என்றால் அது எப்படிப் படிக்கும்? டியூப் துண்டை எடுத்து வந்து அடியில் கொடுத்தாள், அதன் மேல் துணியை மடித்து வைத்தாள். கொஞ்சம் போயிற்று, நின்றது. தறியில்லாத ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால், குழாய் போடத் தோண்டிய ரோட்டில் ராசிபுரம் போய்ச் சேர்வதற்குள் வட்டின் உயிர் போய்விடும். நாளைக்கு அமாவாசை, தெருவில் தறி ஓடாது. ஆனால் நாளைக்கு அட்டைக்காரரும் இல்லை. இன்றைக்கே தறி நிற்க வேண்டும்.

தறிக்கூடத்தில் மெதுவாகத் தப்பை ஒத்துக்கொள்ள வழியில்லை. அங்கே எதைச் சொன்னாலும் தொண்டை கிழியச் சொல்ல வேண்டும். அவள் தங்கமுத்துவின் காதருகே போய், வாழ்க்கையில் முதல் தடவையாக, முழுக் குரலில் சொன்னாள்.

"ஏனுங்க, நாந்தானுங்க டெம்பிள அழிச்சுப்போட்டேன்."

அடுத்த தறியில் நின்ற பொன்னன், இந்த அம்மா எந்தக் கோயிலை இடித்தார் என்று தெரியாமல், பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தான். தங்கமுத்து அவள் முகத்தைப் பார்த்தான். அவள் மிச்சத்தையும் கத்தினாள். தறி நின்றால் மீட்டுவிடலாம், மத்தியானம் வரைக்கும், இல்லை சாயங்காலம் வரைக்கும்கூட ஆகலாம்.

அமாவாசைக்கும் சாவுக்கும் தவிர அந்த வீட்டுத் தறியை மனுசன் நிறுத்தியதில்லை. தங்கமுத்து நூல் அறாத இடமாகப் பார்த்து முதல் தறியின் மோட்டாரை அணைத்தான். ரெண்டாவது. மூணாவது. நாலாவது தறிக்குப் பொன்னனைப் பார்த்து, "நிறுத்தப்பா" என்றான். அந்த ஒரு சொல்லை அவன் கத்த வேண்டியிருக்கவில்லை.

திடீர் நிசப்தத்தில் முத்தாயம்மாள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

"யாரு செத்தது?"

அறிவுச்செல்வி அவரிடமும் சொன்னாள். ஒரு தடவை ஒத்துக்கொண்ட வாய்க்கு ரெண்டாவது தடவை அவ்வளவு கஷ்டமாக இல்லை. சொல்லி முடித்து மூவரும் முன்னறைக்கு வந்தால், கோடு நகரவில்லை. காபியில் வளையம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சுவர் வழியாக வந்தது நடுக்கம். அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் சின்னண்ணனின் தறி, பொதுச் சுவர். சாக்கடை எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதில் சின்னண்ணனும் தங்கமுத்துவும் முகம் பார்ப்பதில்லை. போய்க் கேட்டால், கேட்டதற்காகவே இன்னும் ஒரு தறி சேர்த்து ஓட்டுவார்.

முத்தாயம்மாள் வட்டைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். அறிவுச்செல்வியின் முகத்தில் பதில் இல்லாததை அவர் அன்றைக்குத்தான் பார்க்கிறார். திட்டுவதற்கு இதைவிட நல்ல நேரம் இனி வராது. ஆனால் அவர் கொண்டையை முடிந்துகொண்டு வெளியே போனார். பெண்களுக்குள் சாக்கடைத் தகராறு கிடையாது, புளி, கறிவேப்பிலைப் போக்குவரத்து எப்போதும் போல் நடந்துகொண்டுதான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தறி நின்றது. அப்புறம் இன்னொன்று. காபி கண்ணாடி மாதிரி ஆயிற்று. பச்சைக் கோடு நடக்க ஆரம்பித்தது.

முத்தாயம்மாள் ஒன்றும் நடக்காத மாதிரி திரும்பி வந்தார்.

"என்னத்தச் சொன்னீங்க அத்தே?"

"நா ஒண்ணுஞ் சொல்லுல. அவனூட்டுக் காலண்டரு சொல்லுச்சு." இடுப்பில் செருகியிருந்த தாளை எடுத்து நீட்டினார். அன்றைய தேதி. "கறிவேப்பல வாங்கப் போனனா, அப்படியே கிழிச்சுட்டு வந்துட்டேன். அமாவாசையும் அதுவுமா ஏண்டா தறி ஓட்டறேன்னு கேட்டேன். காலண்டரப் பாத்தான், கன்னத்துல போட்டுக்கிட்டான்."

"பாவமுங்க அத்தே."

"என்ன பாவம்? ஒரு நா முன்னாடி கும்புட்டா சாமி வேண்டாங்குதா?"

அறிவுச்செல்விக்குச் சிரிப்பும் வந்தது, கூடவே வேறு எதுவோவும் வந்தது. அதை மறைக்க லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டு, "தார் மிஷினு நீங்கதான கேட்டீங்க" என்றாள்.

"கேட்டேன். பொட்டி போச்சுன்னா அப்புறம் எத வெச்சு உன்ன வையறதுன்னு நெனச்சுப் பாத்தேன்" என்றார் முத்தாயம்மாள்.

அதற்கப்புறம் அந்த வீடு, ஆபரேஷன் நடக்கிற ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஆயிற்று. தங்கமுத்து நுனிக்காலில் நடந்தான். முத்தாயம்மாள் அன்றைக்கு அரிசியை ஊறப்போட்டுவிட்டு மிக்ஸியைத் தொடவேயில்லை. பொன்னன் தும்மல் வந்தபோது எழுந்து தெருவுக்குப் போய்த் தும்மிவிட்டு வந்தான். மத்தியானம் சின்னண்ணன் குளித்து, விபூதி பூசி, மொட்டை மாடியில் காக்காவுக்குச் சோறு வைத்து, கா, கா என்று கூப்பிடுவது கேட்டது. ஒரு காக்காவும் வரவில்லை. காக்காக்களிடம் வேறு காலண்டர் இருந்திருக்கும்.

வெயில் சாய்வதற்குள் கோடு கடைசி வரைக்கும் போயிற்று. கோப்புகள் வந்தன, பெயர்கள் வரவில்லை. எல்லாம் வெறும் எண்கள். அறிவுச்செல்வி ஒவ்வொன்றாகத் திறந்தாள். சில பாதிக்குமேல் சாம்பல் பூசிக் கிடந்தன. அவற்றைப் பார்த்து, "உன்ன நா திரும்ப வரைஞ்சுக்குவேன் போ" என்று ஒதுக்கினாள். கல்யாண வீட்டுப் பார்டர் வந்தது. பாதிக் கோபுரம், மீதி சாம்பல். அவள் அசரவில்லை, கீழே போய்க்கொண்டே இருந்தாள். கடைசிப் பக்கத்தில் அதே பார்டர் இன்னொரு தடவை வந்தது. முழுசாக. ஒரு கோபுரப் பல் விழாமல். அது அவள் எடுத்து வைத்திருந்த காப்பி.

"இதுக்குத்தான் எதையும் ரெண்டா வெக்கோணும்னு நா ஊருக்கெல்லாம் அடிச்சுக்கறது" என்றாள், எந்தக் கூச்சமும் இல்லாமல். பழைய அறிவுச்செல்வி வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள்.

படம் அட்டைக்காரருக்கும் வீரபாகுவுக்கும் போயிற்று. வீரபாகு கட்டைவிரலை அனுப்பினார். மீட்ட படங்களை லேப்டாப்பிலும், பென் டிரைவிலும் போட்டாள். ரெண்டும் ரெண்டு வேறு அலமாரிக்குப் போயின. பெயர் எழுதும்போது, எல் முதலா ஈ முதலா என்கிற பழைய குழப்பம் வந்தது. யோசித்துவிட்டு, தமிழுக்கு மாற்றிக் கோயில் என்று அடித்தாள். முத்தாயம்மாள் தோளுக்கு மேலே எட்டி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, இனிமேல் அந்த மேஜைக்குக் கீழே செருப்பை விடாதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. சின்னண்ணன் சாக்கடையைத் தாண்டி, சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக, வாசலில் வந்து நின்றார். முகத்தில் பெரிய குழப்பம்.

"ஏனுங்க அக்கா, இன்னைக்கும் அமாவாசைன்னு டிவியில சொல்றானுங்களே."

"பெரிய அமாவாசைடா சாமி. ரெண்டு நாளு இருக்கும்" என்றார் முத்தாயம்மாள். "உள்ள வா, காபி குடி."

சின்னண்ணன் உள்ளே வந்து உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்துத் தங்கமுத்து டேப்போடு முன்னறைக்கு வந்தான். பெருசின் மூலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக எதிர்ச் சுவருக்குப் போய், முத்தாயம்மாளின் டிவி இருக்கிற இடத்தை நீளம், அகலம், உயரம் என்று நிதானமாக அளந்தான்.

"அதெதுக்குடா அங்க அளக்கற?" என்றார் முத்தாயம்மாள்.

"தார் மிஷினு கேட்டயில்ல" என்றான் தங்கமுத்து.